ஒவ்வொரு காலையும் 4119

"எழுதித் தேய்ந்த அளவு நூற்றுக்குத் தொண்ணூறைத் தொட்டுவிட்ட எந்த ஃப்ளாஷ் சேமிப்புக் கருவியும் பதினைந்து நாட்களுக்குள் மாற்றப்பட வேண்டும். அது இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்பது மாற்றாமல் விடுவதற்குக் காரணம் ஆகாது."

எங்கள் பராமரிப்புக் கையேட்டில் பத்தி பதினான்கு, உட்பிரிவு இ. இதை எழுதியவள் நான். இங்கே தமிழில் சொல்லியிருக்கிறேன். ஆங்கிலத்தில் இன்னும் கறாராக இருக்கும். பொருந்தியிருக்க வேண்டிய ஒரே பெரிய சந்தர்ப்பத்தில் இந்த விதி பொருந்தவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்லி முடிக்கும்போது எனக்குத் தெளிவாகிவிடும் என்று நம்பி ஏற்கெனவே இரண்டு முறை எழுதிப் பார்த்துக் கிழித்திருக்கிறேன்.

பழைய அலுவலக வாட்ஸாப் குழுவில் ஒரு ஜூனியர் கேட்டிருந்தார்: "பத்மா-தி, எஸ்.எஸ்.டி. சாகப்போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு வரியில் சொல்லுங்கள்." கல்கத்தாவில் முப்பது வருடம் வேலை பார்த்தால் எந்தத் தமிழச்சியும் 'தி' ஆகிவிடுவாள்; அக்கா என்று அர்த்தமுள்ள தீதியின் சுருக்கம். ஒரு வரியில் சொல்லத் தெரிந்திருந்தால் எங்கள் ஆய்வுக்கூட சாந்திக்கு அந்த மெமோ வந்திருக்காது என்று தட்டினேன். பிறகு அழித்துவிட்டு, 'விரிவாக எழுதுகிறேன்' என்று அனுப்பினேன்.

என் படிப்பையும் பயிற்சியையும் நாலு வரியில் முடித்துவிடலாம். அப்பா ரயில்வே குமாஸ்தா. ஜாதவ்பூரில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். கிராமத்துக் குழாய்க் கிணறுகளின் தண்ணீரைப் பரிசோதிக்கும் ஒரு மத்திய அரசு அமைப்பில், கம்ப்யூட்டர் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன். அமைப்பின் பெயர் வேண்டாம், பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது. அலுவலகம் சால்ட் லேக்கில்.

மேலதிகாரி லாஹிரி சார். என்னைவிட இரண்டே வயது மூத்தவர், ஆனால் பிறக்கும்போதே மேலதிகாரியாகப் பிறந்தவர். எந்தக் காகிதத்தையும் வரிக்குக் கீழே ஒரு மர ஸ்கேலை வைத்து நகர்த்தி நகர்த்தித்தான் படிப்பார். ஸ்கேல் ஓரிடத்தில் நின்றால் எதிரே நிற்பவர் அது எந்த வரி என்று எட்டிப் பார்ப்பார். எதற்கும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லி நான் கேட்டதில்லை. 'தேக்ச்சி' என்பார். பார்க்கிறேன் என்று அர்த்தம். லீவு கேட்டாலும் தேக்ச்சி. கூரை ஒழுகுகிறது என்றாலும் தேக்ச்சி. ஒரு முறை அவர் வீட்டிலிருந்து போன், மகளுக்குக் கல்யாணத் தேதி குறித்தாயிற்று என்று. அதற்கும் தேக்ச்சி.

அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க் தன் உபாதையை வாய்விட்டுச் சொல்லும். ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பெட்டியில் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்போம். முதலில் ஒரு கீச்சு, அப்புறம் ஒரு டக்டக், அப்புறம் மௌனம். கீச்சுக்கும் மௌனத்துக்கும் நடுவே சில நாட்கள் கிடைக்கும். அதற்குள் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட வேண்டும். சேர்ந்த இரண்டாம் வருடம் கீச்சிட்ட ஒரு டிஸ்க்கை, புத்தகத்தில் போட்டிருந்தபடி அணைத்துவிட்டுப் பரிசோதித்தேன். மறுபடி போட்டபோது அது சுழலவே இல்லை. ஓடவிட்டிருந்தால் இன்னும் சில நாள் ஓடியிருக்கும், நிறுத்தியதும் இறுகிவிட்டது. ஒரு மாவட்டத்தின் மொத்தக் கணக்கெடுப்பும் அதோடு போயிற்று. லாஹிரி சார் திட்டவில்லை. ஸ்கேலை மேசையில் வைத்துவிட்டு, "எழுது" என்றார். எழுதினேன்: "சந்தேகத்துக்குரிய சேமிப்புக் கருவியைப் பரிசோதனை முடியும்வரை அணைக்கக் கூடாது." அது பத்தி ஒன்பது. அவர் சொன்னார், நான் எழுதினேன். அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் ஒருவரும் அந்தத் தப்பைச் செய்யவில்லை.

பிறகு ஃப்ளாஷ் வந்தது. சுழல எதுவும் இல்லை, கேட்க எதுவும் இல்லை. ஸ்க்ரூடிரைவரை வைத்தால் நம் நாடித்துடிப்புதான் கேட்கும்.

அதற்குள்ளே மின்னூட்டத்தை அடைத்துவைக்கும் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு அறைகள். எழுதும்போது மின்னூட்டத்தை உள்ளே தள்ளுகிறோம், அழிக்கும்போது வெளியே இழுக்கிறோம். தள்ளித் தள்ளி, இழுத்து இழுத்து அறையின் சுவர் நைந்துபோகிறது. படிப்பதால் அவ்வளவாகத் தேய்வதில்லை, எழுதுவதால்தான் தேய்கிறது. அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. கூடவே ஒரு கட்டுப்பாட்டுச் சிப் இருக்கிறது. ஒரே அறையை வதைக்காமல் எழுத்தை எல்லா அறைகளுக்கும் முறை வைத்துப் பங்கிடும். கெட்டுப்போன அறைகளை ஒதுக்கிவிட்டு, கையிருப்பிலுள்ள உபரி அறைகளைக் கொண்டு நிரப்பும். இப்படி ஃப்ளாஷால் ஆன டிஸ்க்தான் எஸ்.எஸ்.டி.; நல்ல ரகம் என்றால் இதற்கெல்லாம் கணக்கு வைத்திருக்கும், கேட்டால் சொல்லும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது, உபரி எவ்வளவு மிச்சம், திருத்த முடியாத பிழைகள் எத்தனை. வாராவாரம் நான் கேட்டுக் குறித்துக்கொள்வேன். குறித்தேனே தவிரப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். தேய்மானம் நூறு சதவீதத்தைத் தாண்டியும் சலிக்காமல் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். அறுபதைக் காட்டிவிட்டு மறுநாள் காலை கம்ப்யூட்டருக்கே அடையாளம் தெரியாமல் போனதையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு சம்பவம் மட்டும் தெளிவாகப் புரிந்தது. ஒரே நாளில் வாங்கிய இரண்டு எஸ்.எஸ்.டி.க்களை ஒன்றுக்கு ஒன்று காப்பாக வைத்தோம். ஒன்றில் எழுதுவதையே மற்றதிலும் எழுதினோம். ஒன்று போனால் மற்றது இருக்கும் என்று ஏற்பாடு. இரண்டும் ஒரே அளவு தேய்ந்தன, ஒரே வாரத்தில் போயின. லாஹிரி சாரின் ஸ்கேல் என் அறிக்கையின் மூன்றாம் வரியில் நின்றது. "காவல்காரனுக்கும் அதே வயது என்று யாரும் கவனிக்கவில்லையா?" என்றார். அன்று பிறந்ததுதான் பத்தி பதினான்கு, இ.

இனி சாந்தியின் விஷயம்.

சாந்தி ஆய்வுக்கூட உதவியாளர். இருபது வருட சர்வீஸ். அவளுடைய அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்தவர். வீடு இன்னும் அங்கேதான். பெங்காலி மீடியத்தில் படித்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுதப் படிக்க வராது. அவள் கையில் இருந்தது அனலைசர் என்று நாங்கள் சொல்லும் இயந்திரம். தண்ணீரில் ஒரு மருந்தைக் கலந்து உள்ளே வைத்தால், ஒளியைப் பாய்ச்சி, ஆர்சனிக் எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று சொல்லும். முடிவை வரிசை எண்ணோடு தனக்குள்ளே சேமித்துக்கொள்ளும். சாந்தி அதே எண்ணையும் முடிவையும் ரிஜிஸ்டரில் கையால் எழுதிவைப்பாள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் இயந்திரத்திலிருந்து முடிவுகளை எடுத்து ரிஜிஸ்டரோடு ஒப்பிடுவார்.

ஒரு நாள் புகார்ச் சீட்டோடு என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, உங்க மெஷினுக்கு ஞாபகமறதி."

"அது என் மெஷின் இல்ல. சயின்டிஃபிக் செக்ஷனோடது."

"யாரோடதா இருந்தா என்ன? தினம் காலைல அளவு சரிபார்த்து காலிப்ரேஷன் போடறேன். மறுநாள் வந்தா, போடவே இல்லங்குது. கல்யாணத்துக்கு மறுநாள் புருஷன் வந்து, நீ யாரும்மான்னு கேட்டா எப்படி இருக்கும்? அப்படி இருக்கு."

அவள் தமாஷாகச் சொன்ன அந்த வாக்கியத்தில் நோயின் மொத்த விவரமும் இருந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அது என் மெஷின் இல்லை என்று நான் சொன்னது கோபத்தில் அல்ல. அனலைசர் விஞ்ஞானக் கருவி என்ற தலைப்பில் வாங்கப்பட்டது. முழு இயந்திரத்துக்கும் ஒரே சொத்து எண். உள்ளே தபால்தலை அளவில் ஒரு ஃப்ளாஷ் மாட்யூல் இருந்தது, ஆனால் என் ரிஜிஸ்டரில் அது பிறக்கவே இல்லை. அதனால் அதற்குப் பத்தி பதினான்கு கிடையாது. தேய்மானத்தைக் கேட்டாலும் சொல்லியிராது. மலிவான ரகம், கணக்கு வைத்துக்கொள்ளத் தெரியாதது. இருந்தாலும் புகார் என் பிரிவுக்கு வந்துவிட்டதால் பரிசோதிக்கப் போனேன்.

முறைப்படிதான் செய்தேன். பத்தி ஒன்பதின்படி இயந்திரத்தை அணைக்கவில்லை. என் லேப்டாப்பை இணைத்து, 'பத்மா-1' என்ற பெயரில் ஒரு சோதனைக் கோப்பை அதில் எழுதினேன். உடனே திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிட்டேன். ஓர் எழுத்து பிசகவில்லை. அரை மணி கழித்து மறுபடி ஒப்பிட்டேன். சரி. கோப்பை அழிக்காமல் விட்டேன். சாட்சியாக முப்பது நாள் இருக்க வேண்டும் என்பது முறை. அறிக்கையில் எழுதினேன்: "சேமிப்பில் குறை எதுவும் காணப்படவில்லை. இயக்குபவருக்கு மறுபயிற்சி அளிக்கலாம்." இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. அது என் கைங்கர்யம்.

ஐந்து நாள் கழித்து சாந்தி மீண்டும் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கையில் மெமோ.

பொறுப்பாளர் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். ரிஜிஸ்டரில் பதினொரு வேலை நாட்களுக்கான முடிவுகள் இருக்கின்றன. இயந்திரத்தில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆக, ஊழியர் சாந்தி தண்ணீரைப் பரிசோதிக்காமலே முடிவுகளைக் கற்பனையாக எழுதியிருக்கிறார் என்று குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலை போகும். ஆதாரங்கள் பட்டியலில் முதல் இடம் பராமரிப்புப் பிரிவின் அறிக்கைக்கு. குறை எதுவும் காணப்படவில்லை. தண்ணீர் பாட்டில்களைக் கழுவி, கிராமங்களுக்குத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. மறுபடி சோதிக்க ஒரு சொட்டு இல்லை.

"நான் ஓட்டுனேன்க்கா. ஒவ்வொரு சாம்பிளும் ஓட்டுனேன். சாயந்திரம் லிஸ்ட்ல எல்லாம் இருந்துச்சு, என் கண்ணால பார்த்தேன்."

"சரி, வா பார்க்கலாம்."

இயந்திரத்தில் முதலில் என் கோப்பைத் தேடினேன். பத்மா-1 இல்லை.

அந்த நிமிடத்தில் என் புத்தி எங்கே போயிற்று என்று இன்றும் யோசிக்கிறேன். முப்பது வருட அனுபவம் எனக்குக் காட்டிய ஒரே வழி இதுதான்: நான் எழுதினேன், இருந்தது, இப்போது இல்லை, ஆகவே யாரோ அழித்திருக்கிறார்கள்.

"என் ஃபைலை நீ அழிச்சியா?"

சாந்தி என்னைப் பார்த்தாள். பிறகு பெங்காலியில் ஆரம்பித்தாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போதாது. சாரம் இதுதான்: உன் ஃபைல் காணோம் என்றால் நான் திருடி, என் முடிவுகள் காணோம் என்றால் நான் பொய்க்காரி, உன் இயந்திரம் மட்டும் யுதிஷ்டிரனா? கடைசியில் ரிஜிஸ்டரை என் முன்னால் போட்டுவிட்டு, தமிழுக்குத் திரும்பினாள்.

"படிங்க. நீங்கதான் நல்லாப் படிப்பீங்களே."

படித்தேன். எனக்கு ஸ்கேல் பழக்கம் இல்லை, விரலை வைத்துத்தான் படித்தேன். முதல் நாள், முதல் சாம்பிள், எண் 4119. அடுத்து 4120, 4121 என்று அன்றைக்குப் பன்னிரண்டு. இரண்டாம் நாள், முதல் சாம்பிள், எண் 4119. மூன்றாம் நாளும் 4119. பதினொரு நாளும் அங்கிருந்தே தொடங்கியிருந்தன. மெமோவில் இதற்கும் ஒரு வரி இருந்தது: எண்களை மாற்றி எழுதும் சிரமத்தைக்கூட ஊழியர் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏன் தினம் 4119?"

"அது காட்டுனதை எழுதினேன். பொறுப்பாளர்கிட்டக் கேட்டேன். ஏதோ புது செட்டிங்கா இருக்கும், நீ எழுதிட்டே போன்னார்."

கற்பனையாக எழுத உட்காருபவர் முதல் நாள் 4130-இல் நிறுத்தினால் மறுநாள் 4131 என்றுதான் தொடங்குவார். 4119-ஐப் பதினொரு முறை எழுதுவதற்கு ஒன்று முழு முட்டாளாக இருக்க வேண்டும், இல்லை கண்ணால் கண்டதை மட்டும் எழுதுபவராக இருக்க வேண்டும். சாந்தி முட்டாள் இல்லை. அப்படியானால் இந்த இயந்திரம் தினமும் காலையில் அதே பழைய நாளில் கண் விழிக்கிறது. இது எப்படி? நான் எழுதியபோது வாங்கிக்கொண்டதே. கேட்டபோது திருப்பிச் சொன்னதே.

"சாந்தி, இதை ராத்திரி ஓடவிட்டுட்டா போவே?"

"யார் ஓடவிடுவா? ஃபயர் ஆர்டர் இருக்கே. அஞ்சரைக்கு மெயின் ஸ்விட்சோட அணைச்சுடுவேன்."

சுவரில் ஒட்டியிருந்தது, பெங்காலியிலும் ஆங்கிலத்திலும்: அலுவலகம் மூடும் நேரத்தில் எல்லாக் கருவிகளையும் அணைக்கவும். அது ஒட்டப்பட்ட நாளிலிருந்து பதினெட்டு வருடமாக அந்தச் சுவரைத் தாண்டி நடந்திருக்கிறேன். தீயணைப்பு விதிப்படி அவள் தினமும் அணைத்தாள். பத்தி ஒன்பதின்படி நான் அணைக்கவே இல்லை. இரண்டு பேரும் விதியை மீறவில்லை. அவள் பார்த்த நோயை நான் பார்க்காததற்கு அதுதான் காரணமா என்று அப்போதுதான் தோன்றியது. தோன்றியதே தவிர நம்பிக்கை வரவில்லை.

லாஹிரி சாரிடம் போனேன். அவருக்கு ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம் இருந்தது. அந்தச் சமயத்தில் யாரும் புதிதாக எதிலும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

"அணைத்துப் பார்க்க வேண்டும் சார்."

"விதி என்ன சொல்கிறது?"

"அணைக்கக் கூடாது என்கிறது."

"யார் எழுதியது?"

"நீங்கள் சொல்லி நான் எழுதினேன்."

ஸ்கேலை எடுத்தார். எதிரே காகிதம் எதுவும் இல்லை. வெறும் மேசையில் வைத்து நகர்த்தினார். தேக்ச்சி வரப்போகிறது என்று காத்திருந்தேன். "மணி என்ன?" என்றார். நான்கு. "அப்படியானால் தீயணைப்பு விதிக்கு இன்னும் ஒன்றரை மணி இருக்கிறது. அதுவரை பத்தி ஒன்பது. அதற்குப் பிறகு யார் அணைத்தாலும் நீயும் நானும் பொறுப்பல்ல" என்று எழுந்து எங்களோடு வந்தார். முப்பது வருடத்தில் அவர் ஆய்வுக்கூடத்துக்குள் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

சாந்தி ஆய்வுக்கூடக் குழாய்த் தண்ணீரை ஓட்டினாள். எண் 4119 வந்தது. நான் பத்மா-2 எழுதினேன். பிறகு ஒரு யோசனை தோன்றி, போன வருடத்து முடிவு ஒன்றை நகலெடுத்துக்கொண்டு, மூன்று பேர் முன்னிலையில் அதை அழித்தேன். பட்டியலிலிருந்து போய்விட்டது. நடந்ததை ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட்டோம். ஐந்தரைக்கு சாந்தி மெயின் ஸ்விட்சை அணைத்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு மூவரும் நின்றோம். இயந்திரம் விழித்தது. கடைசி எண் 4118. முந்தைய நாள் குழாய்த் தண்ணீர் இல்லை. பத்மா-2 இல்லை. நான் அழித்த போன வருடத்து முடிவு, அழிக்கப்பட்டதே தெரியாத மாதிரி தன் இடத்தில் இருந்தது.

"பாபா ரே!" என்றாள் சாந்தி. "செத்ததும் திரும்பி வருதேக்கா."

லாஹிரி சார் குனிந்து பட்டியலைக் கடைசி எண்வரை பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "எழுதியது எங்கே போயிற்று?"

"எங்கும் போகவில்லை சார். எழுதப்படவே இல்லை. அறைகள் தேய்ந்து போனதும் மாட்யூல் தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கிறது. இனிமேல் படிக்கலாம், எழுத முடியாது. மின்சாரம் இருக்கும்வரை எழுதியதெல்லாம் தற்காலிக நினைவில் நிற்கிறது. நாம் கேட்டால் அங்கிருந்துதான் பதில் வருகிறது. அணைத்தால் அது போய்விடும்."

"பூட்டிக்கொண்டதை ஏன் சொல்லவில்லை?"

பூட்டிக்கொள்ளும் கருவிகள் சாதாரணமாகச் சொல்லும். எழுதப் போனால் பிழை என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லும், நாமும் மாற்றிவிடுவோம். இது மட்டும் ஏன் சரி, சரி என்று வாங்கிக்கொண்டது? 4118-க்கு முன்னால் ஏன் ஒரு சின்ன அறிகுறியும் இல்லை? அல்லது இருந்து, யாருக்கும் தெரியவில்லையா?

"தெரியாது சார்" என்றேன்.

"அதை அப்படியே எழுது. காரணம்: தெரியவில்லை. இந்த அலுவலகத்தில் யாரும் இதுவரை எழுதாத வாசகம்." வாசல்வரை போனவர் திரும்பினார். "உன் பழைய அறிக்கையும் இதுவும் ஒன்றையொன்று மறுக்கின்றன. இரண்டிலும் உன் கையெழுத்து. எதற்காக மெமோ வாங்க விரும்புகிறாய் என்று யோசித்துக்கொள்."

யோசித்தேன், ஒரு முழு ராத்திரி என்று சொன்னால் பொய். டீ ஆறும் நேரம். இரண்டாவது அறிக்கையின் முதல் வரியாக, முதல் அறிக்கை தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன். லாஹிரி சார் ஸ்கேலை ஓட்டிவிட்டு, ஒரு திருத்தமும் இல்லாமல் கையெழுத்துப் போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். இரண்டு வாரத்தில் பதில் வரும் என்று சாந்தியிடம் சொன்னேன்.

அதற்குள் சாந்தியை டெஸ்பாட்ச் செக்ஷனுக்கு மாற்றினார்கள். விசாரணை முடியும்வரை ஆய்வுக்கூடத்தில் காலடி வைக்கக் கூடாது. உறைகளுக்குப் பசை தடவினாள். கேன்டீனில் ஒருவன், "என்ன சாந்தி-தி, இன்னிக்கு டோக்கன் நம்பர் 4119-ஆ?" என்று கேட்டானாம். "ஆமாம், உன்னை மாதிரியே. எத்தனை நாள் ஆனாலும் அடுத்த நம்பருக்கு வர்றதே இல்ல" என்றாளாம். என்னிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்து வெகுநேரம் நிமிரவில்லை.

மாட்யூல் வழக்கின் ஆதாரம் ஆகிவிட்டது. அதைக் கழற்றி, உறையிலிட்டு, அரக்கு வைத்து, ரிக்கார்டு அறையின் இரும்பு அலமாரியில் பூட்டினார்கள். சட்டப்படி சரியான காரியம். ஆனால் தேய்ந்துபோன ஃப்ளாஷை மின்சாரம் கொடுக்காமல் புழுக்கத்தில் போட்டுவைத்தால், நைந்த சுவர்கள் வழியாக மின்னூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ரிக்கார்டு அறையோ மொட்டை மாடிக்கு நேர் கீழே. வைசாக மாத வெயிலில், நம் சித்திரை வெயிலில், அலமாரிக் கதவைத் தொட முடியாது. சாந்தியின் ஒரே சாட்சி, நாங்கள் முறையாகப் பாதுகாத்ததாலேயே தன் ஞாபகத்தை இழந்துகொண்டிருந்தது. மாட்யூலை எடுத்து, மின்சாரம் கொடுத்து, உள்ளதை நகலெடுக்க அனுமதி கேட்டு எழுதினேன். சீலிட்ட ஆதாரத்தை விசாரணை அதிகாரி முன்னிலையில் மட்டுமே திறக்கலாம் என்று விதியைச் சுட்டிக்காட்டினார்கள். விசாரணை அதிகாரி யார் என்று கேட்டேன். இன்னும் நியமிக்கப்படவில்லை.

நினைவூட்டல் ஒன்று, இரண்டு, மூன்று. லாஹிரி சார் ஓய்வு பெற்றுப் போனார். பிரிவு உபசார விழாவில் பேசச் சொன்னபோது அவர் என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியும். நினைவூட்டல் நான்கு. அந்தக் கிணறுகளின் தண்ணீரைக் களப்பிரிவு மறுபடி எடுத்துச் சோதித்தது. சாந்தி எழுதிய முடிவுகளுக்குக் கிட்டத்தட்ட அதேதான் வந்தது. அதையும் இணைத்து அனுப்பினேன். வேறு நாள், வேறு தண்ணீர் என்று கோப்பில் யாரோ பென்சிலால் குறித்திருந்ததாகக் கேள்வி. என் ஓய்வுக்கு முந்தைய நாள் ஐந்தாவது நினைவூட்டலை அனுப்பினேன். அன்று டெஸ்பாட்ச் ஜன்னலில் அதை வாங்கி, பசை தடவி ஒட்டியது சாந்தியேதான்.

"இதுல என் பேரு எத்தனை தடவை வருதுக்கா?"

"ஏழு தடவை."

"நல்லா ஒட்டறேன்" என்றாள்.

ஓய்வுக்குப் பிறகு ஜாதவ்பூரில் ஒரு ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து, எனக்கு நகல் குறித்து, பதில் தபாலில் வந்தது. மூன்றே வாக்கியங்கள். நிர்ணயித்த காலக்கெடுவுக்குள் விசாரணை தொடங்கப்படாததால் மெமோ காலாவதியாகிறது. ஊழியர் ஆய்வுக்கூடப் பணிக்குத் திரும்பலாம். சீலிட்டு வைத்துள்ள மாட்யூலை உபகரணத்தில் மறுபடி பொருத்திப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரவும்.

நான் படித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"அக்கா, லெட்டர் வந்துச்சா?"

"கையில வெச்சிருக்கேன்."

"நான் பொய்யா எழுதலன்னு இதுல எந்த லைன்ல இருக்கு? ரெண்டு தடவை பார்த்துட்டேன். என் இங்கிலீஷ்தான் சரியில்லையா?"

மறுபடி படித்தேன். பின்பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்த்தேன்.

"உன் இங்கிலீஷ் சரியாத்தான் இருக்கு."

"அப்போ நான் பொய் சொன்னேனா, சொல்லலையா?"

"சொல்லல."

"அது உங்க வார்த்தை. அவங்க வார்த்தை எங்கக்கா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவளுக்குப் பின்னால் டெஸ்பாட்ச் அறையில் யாரோ தபால் முத்திரை குத்தும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சரி, விடுங்க" என்றாள் கடைசியில். "லேபுக்குப் போகலாம்னு போட்டிருக்கு. போறேன். ஆனா அந்த மாட்யூலை மாட்ட மாட்டேன்."

"மாட்டாதே."

"மாட்டலன்னா இன்னொரு மெமோ வருமே?"

"வரும்."

"வரட்டும். அதுக்கும் நீங்கதான் எழுதித் தரணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். கோபமா, சிரித்தாளா என்று பிடிபடவில்லை.

கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். அவள் கேட்ட வரி அதில் இல்லை. பேனாவை எடுத்து, பழக்கம் விடாமல், இடது மூலையில் பெறப்பட்ட தேதியைக் குறித்தேன்: செப்டம்பர் பதினெட்டு, இங்கே இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடும் விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள்.